எஸ்எஸ்டிக்கு ஃபர்ம்வேர் அப்டேட் போடலாமா, எந்த டூலை வெச்சுக்கலாம்?

கேள்வி: சார், வீட்ல இருந்தே வீடியோ எடிட்டிங் பண்றேன். டெஸ்க்டாப்ல சாம்சங் 980 ப்ரோ 2 டிபி இருக்கு, அதுல சி, டின்னு ரெண்டு டிரைவ். கூட ஒரு பழைய 4 டிபி ஹார்ட் டிஸ்க். லேப்டாப்புக்குள்ள பிஎம்9ஏ1னு ஒரு சாம்சங் எஸ்எஸ்டி. என் தம்பி எல்லாத்துக்கும் உடனே ஃபர்ம்வேர் அப்டேட் போடச் சொல்றான், வேலை பார்க்கிற இடத்துல இருக்கிற ஐடி பையன் நல்லா ஓடற டிஸ்கை தொடவே தொடாதீங்கங்கறான். சாம்சங்கோட மெஜிஷியன் டூலை போட்டேன், அது லேப்டாப் டிஸ்குக்கு அப்டேட்டே காட்ட மாட்டேங்குது. டிஸ்க் நிலைமையைக் காட்டற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல 980 ப்ரோவுக்கு ஹெல்த் 94 சதவீதம், அவைலபிள் ஸ்பேர் 64ன்னு வருது, அப்போ 36 காலியாயிடுச்சா, அப்டேட் போட்டா ஏறுமா? இதுல இன்னொரு எஸ்எஸ்டி பூஸ்டர் வேற 37 பிரச்சனை இருக்கு, சரி பண்ண காசு கட்டுங்குது. டி டிரைவ்ல பேக்கப் இருக்கறதால தைரியமா அப்டேட் போட்டுடலாமா? ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் அனுப்பியிருக்கேன்.

பதில்:

வணக்கம்ங்க. எல்லாத்துக்கும் வர்றேன், ஆனா கடைசி வரியில டி டிரைவ்ல பேக்கப் இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அதை முதல்ல பேசிடணும், ஏன்னா உங்க மொத்த லெட்டர்லயும் என்னை பயமுறுத்தினது அந்த ஒரு வரிதான். நீங்க அனுப்பின டிஸ்க் மேனேஜ்மென்ட் ஸ்க்ரீன்ஷாட்டை மறுபடி பாருங்க, சி, டி ரெண்டுமே டிஸ்க் 0ங்கற ஒரே வரியில இருக்கு. அதாவது அது ரெண்டு டிஸ்க் கிடையாது, ஒரே எஸ்எஸ்டியை ரெண்டா பிரிச்சு ஆளுக்கொரு எழுத்து குடுத்திருக்கு, அவ்ளோதான். அந்த எஸ்எஸ்டியோட கன்ட்ரோலர் மக்கர் பண்ணா சி போற அதே நொடியில டியும் போயிடும். விண்டோஸ் கெட்டுப்போய் சியை ஃபார்மேட் அடிக்கிற அன்னிக்கு வேணா டியில இருக்கறது உதவும், மத்தபடி அது பேக்கப் கணக்குல சேராது. எடிட் பண்ண புராஜெக்ட், கிளையன்ட் குடுத்த ஒரிஜினல் ஃபுட்டேஜ் ரெண்டையும் வேற ஒரு டிஸ்குல காப்பி பண்ணுங்க, பண்ணதுக்கு அப்புறம் அந்த டிஸ்கை வேற கம்ப்யூட்டர்ல சொருகி நாலஞ்சு ஃபைலை திறந்து ஓட்டிப் பாருங்க. இது முடியற வரைக்கும் ஃபர்ம்வேர் அப்டேட் பக்கமே போக வேணாம்.

இப்போ தம்பிக்கும் ஐடி பையனுக்கும் நடக்கிற பஞ்சாயத்துக்கு வருவோம். ரெண்டு பேர் கிட்டயும் பாதி பாதி உண்மை இருக்கு. எஸ்எஸ்டிங்கறது சும்மா சிப்பு ஒட்டின பலகை இல்ல, அதுக்குள்ள ஒரு கன்ட்ரோலர் இருக்கு, அது தனி ஒரு குட்டி கம்ப்யூட்டர், அதுல ஓடற புரோகிராம்தான் ஃபர்ம்வேர். நீங்க சேவ் பண்ற ஃபைல் எந்த சிப்புல எந்த இடத்துல போய் உக்காருதுங்கற மேப்பை வெச்சிருக்கறது அது, ஒரே இடத்துலயே திரும்பத் திரும்ப எழுதி தேய்ஞ்சு போகாம பரத்தி விடறது அது, படிக்கும்போது வர்ற தப்பை திருத்தறதும் அதுதான். விண்டோஸுக்கு இது எதுவுமே தெரியாது. அதனால அந்த புரோகிராம்ல ஒரு பக் இருந்தா சிப்பு எல்லாம் புத்தம் புதுசா இருந்தாலும் உங்க டேட்டா உங்களுக்கு இல்ல.

தொடாதீங்கன்னு சொல்ற ஐடி பையன் கிட்ட சர்வர் விக்கிற ஹெச்பிஇ கம்பெனி கதையை சொல்லுங்க. 2019 நவம்பர்ல ஹெச்பிஇ ஒரு எச்சரிக்கை விட்டாங்க, அவங்க சர்வர்ல போடற சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் ஓட ஆரம்பிச்சு சரியா 32,768 மணி நேரம் ஆனா செத்துடும்னு. அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். மணி நேரத்தை எண்ற கவுன்டர் நிரம்பி வழியற சங்கதி அது. செத்தா டிரைவும் போச்சு டேட்டாவும் போச்சு, மீட்க வழி இல்லன்னு அவங்களே எழுதியிருந்தாங்க. இதுல இன்னும் மோசம் என்னன்னா சர்வர்ல எட்டு டிஸ்கை ஒரே நாள்ல போட்டு ரெய்டு கட்டியிருப்பாங்க, ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்னு நம்பி, ஆனா எட்டுக்கும் ஒரே கடிகாரம் ஓடுது, எட்டும் ஒண்ணா போகும். அடுத்த வருஷம் மார்ச்லயே வேற சில மாடலுக்கு 40,000 மணி நேரம்னு இன்னொரு எச்சரிக்கை வந்துச்சு. ரெண்டுக்குமே மருந்து புது ஃபர்ம்வேர்தான், அதுவும் அந்த மணி அடிக்கறதுக்கு முன்னாடி போட்டாகணும். வீட்டு டிரைவ்லயும் இந்த மாதிரி நடந்திருக்கு, குருஷியல் எம்4னு ஒண்ணு நல்லா ஓடிட்டு இருந்துச்சு, 5,184 மணி நேரம் தாண்டினதும் சிஸ்டம் தொங்கும், ரீஸ்டார்ட் பண்ணா வரும், ஒரு மணி நேரத்துல மறுபடி தொங்கும். 2012 ஜனவரில ஃபர்ம்வேர் வந்ததும் சரியாச்சு. நல்லா ஓடுது, தொடாதேன்னு இருந்த ஆளுங்கதான் இதுல எல்லாம் மாட்டினது.

எல்லாத்துக்கும் உடனே போடுன்னு சொல்ற தம்பிக்கும் கதை இருக்கு. 2009 ஜனவரில சீகேட் பாரகுடா 7200.11 ஹார்ட் டிஸ்குகள் காலையில ஆன் பண்ணா பயாஸ்லயே, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி ஓடற மதர்போர்டு புரோகிராம்லயே, தெரியாம போற பிரச்சனை பெருசா வெடிச்சது, கம்பெனி அவசர அவசரமா ஃபர்ம்வேர் விட்டாங்க, அந்த ஃபர்ம்வேரே சில 500 ஜிபி மாடலை படுக்க வெச்சுடுச்சு, திரும்ப வாங்கிட்டு வேற ஒண்ணு விட்டாங்க. 2015ல சாம்சங் 850 ப்ரோவுக்கு வந்த ஒரு அப்டேட்டும் இதே மாதிரி சில பேர் டிரைவை முடக்கினதால வாபஸ் ஆச்சு. வந்த அன்னிக்கே முதல் ஆளா போய் போட்டவங்கதான் ரெண்டுலயும் அடி வாங்கினது.

அதனால நான் பார்க்கிறது ஒரே ஒரு விஷயம்தான். இந்த அப்டேட் எதுக்கு வந்திருக்கு, அது என் மாடலுக்கும் இப்போ என் டிரைவ்ல இருக்கிற வெர்ஷனுக்கும் பொருந்துதா? டேட்டாவை அழிக்கிற பக்கை சரி பண்ணதுன்னா பேக்கப் எடுத்துட்டு அந்த வாரமே போட்டுடுவேன். எனக்கு ஏற்கனவே இருக்கிற தொல்லையை சரி பண்ணதுன்னாலும் போடுவேன், உதாரணத்துக்கு 2024 அக்டோபர்ல விண்டோஸ் 11 24ஹெச்2 வந்தப்போ டபிள்யூடி கம்பெனியோட எஸ்என்770, எஸ்என்580 எஸ்எஸ்டிகள்ல 2 டிபி மாடல் வெச்சிருந்தவங்களுக்கு ப்ளூ ஸ்க்ரீனா வந்துச்சு. அந்த டிரைவ்ல தனியா டிராம்ங்கற வேக மெமரி கிடையாது, கம்ப்யூட்டர் ரேம்ல கொஞ்சம் கடன் வாங்கிக்கும், முன்னாடி விண்டோஸ் 64 எம்பி குடுத்துட்டு இருந்துச்சு, புது வெர்ஷன் டிரைவ் கேட்ட 200 எம்பியையும் அள்ளிக் குடுத்துடுச்சு, டிரைவால தாங்க முடியல. கம்பெனி ஃபர்ம்வேர் விட்டாங்க, போட்டவங்களுக்கு நின்னுடுச்சு. இந்த மாதிரி காரணம் தெளிவா இருந்தா யோசிக்கவே வேணாம். ஆனா ரிலீஸ் நோட்ல பொத்தாம் பொதுவா ஸ்டெபிலிட்டி கூடியிருக்குன்னு மட்டும் போட்டு நேத்துதான் வந்திருக்குன்னா, நல்லா ஓடிட்டு இருக்கிற டிரைவுக்கு நான் சில வாரம் பொறுத்துதான் போடுவேன். மத்தவங்க அனுபவம் அதுக்குள்ள வெளிய வந்துடும்.

சரி, உங்க 980 ப்ரோ. இதுல ஐடி பையன் பேச்சை கேக்காதீங்க. உங்க ஸ்க்ரீன்ஷாட்ல ஃபர்ம்வேர்ங்கற இடத்துல 3பி2ன்னு ஆரம்பிக்குது. 2023 ஆரம்பத்துல பெருசா பேசப்பட்ட பிரச்சனை இதே மாடல் இதே வெர்ஷன்தான், குறிப்பா 2 டிபியில. கொஞ்ச நாள் ஓடின பிறகு மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்னு ஒரு எண்ணிக்கை கண்டபடி ஏறும், ஸ்பேர், அதாவது கெட்டுப்போற இடத்துக்கு பதிலா டிரைவ் ஒதுக்கி வெச்சிருக்கிற இடம், இறங்கும், ஒரு நாள் டிரைவ் தன்னைத்தானே பூட்டிக்கிட்டு படிக்க மட்டும் விடும், எழுத விடாது. சரி பண்ண வெர்ஷன் 5பி2ன்னு ஆரம்பிக்கும், மெஜிஷியன்லயே காட்டும். உங்களுக்கு அந்த எரர் எண்ணிக்கை இன்னும் பூஜ்யம்தான், ஸ்பேரும் அப்படியே இருக்கு, அதாவது நேரம் இருக்கு. ஆனா ஃபர்ம்வேர் தடுப்பூசி மாதிரிதான், பூட்டிக்கிட்ட பிறகு போட்டா பழையபடி வராது. அதனால பேக்கப் எடுத்த கையோட இதை போட்டுடுங்க.

ஸ்பேர் அப்படியே இருக்குன்னு சொன்னதும் 64ன்னுதானே காட்டுதுன்னு கேப்பீங்க. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அந்த ரா வேல்யூ பத்தியை ஹெக்ஸாடெசிமல்ல காட்டும், அதாவது 16ஐ அடிப்படையா வெச்ச கணக்கு. அதுல 64ன்னா ஆறு பதினாறும் நாலும், நம்ம கணக்குல சரியா 100. ஒண்ணும் குறையல. இதைப் பார்த்து பயந்து நல்ல டிரைவை தூக்கிப் போட்டவங்க நிறைய பேரு. ஃபங்ஷன் மெனுவுக்குள்ள அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதுல ரா வேல்யூஸ், அங்க 10ன்னு இருக்கறதை தேர்ந்தெடுத்தீங்கன்னா சாதாரண எண்ணா காட்டும், இன்னிக்கே மாத்தி வெச்சுக்குங்க.

94 சதவீதம்னு காட்டறது நோய் இல்ல, தேய்மானம். பர்சன்டேஜ் யூஸ்டுன்னு டிரைவ் தானே ஒரு எண் சொல்லும், உங்களுக்கு அது 6, நூறுல கழிச்சா 94, அதைத்தான் அந்த சாஃப்ட்வேர் பெருசா நீலக் கட்டத்துல போடுது. 980 ப்ரோ 2 டிபிக்கு கம்பெனி சொல்ற எழுத்து அளவு 1,200 டிபி, எடிட்டிங் வேலைக்கு நீங்க இதுவரைக்கும் தேய்ச்சது ரொம்ப கம்மி. ஃபர்ம்வேர் போட்டா இது ஏறாது, ஏறவும் கூடாது. 990 ப்ரோ வந்த புதுசுல ஹெல்த் கன்னாபின்னான்னு இறங்கற பக் இருந்துச்சு, 2023 பிப்ரவரில ஃபர்ம்வேர் விட்டாங்க, அதுகூட இறங்கறதை நிறுத்துச்சே தவிர ஏற்கனவே இறங்கினதை திருப்பித் தரல. இன்னொண்ணு, 99 சதவீதம் காட்டற டிரைவும் நாளைக்கு காலையில கண்ணை மூடலாம், கன்ட்ரோலர் போறதுக்கு தேய்மானம் காரணமா இருக்கணும்னு அவசியமே இல்ல. அந்த பெரிய எண்ணை ரொம்ப நம்பாதீங்க. நான் பார்க்கிறது இன்டெக்ரிட்டி எரர்ஸ் பூஜ்யமா இருக்கா, ஸ்பேர் 100ல நிக்குதா, கிரிட்டிகல் வார்னிங் பூஜ்யமா, இந்த மூணுதான். எரர் இன்ஃபர்மேஷன் லாக் என்ட்ரீஸ்னு ஒண்ணு கடைசியில ஏறிட்டே இருக்கும், பல டிரைவ்ல அது சும்மா, சிஸ்டம் கேட்ட ஏதோ ஒரு கமாண்ட் எனக்குத் தெரியாதுன்னு டிரைவ் சொன்னதை எல்லாம் அதுல எழுதி வெச்சிருக்கும்.

லேப்டாப்புக்கு வருவோம். பிஎம்9ஏ1 உள்ள இருக்கிற சரக்கு கிட்டத்தட்ட 980 ப்ரோதான், ஆனா அது கடையில டப்பாவுல விக்கிற டிரைவ் இல்ல, லேப்டாப் கம்பெனிக்கு மொத்தமா போறது. அதோட ஃபர்ம்வேரும் தனி, அதுக்கு பொறுப்பும் லேப்டாப் கம்பெனிதான், அதனாலதான் மெஜிஷியன் கைய விரிக்குது. லேப்டாப்புக்கு அடியில இருக்கிற சீரியல் நம்பரை எடுத்துட்டு அந்த கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துல போட்டுப் பாருங்க, ஸ்டோரேஜ் இல்ல ஃபர்ம்வேர்ங்கற தலைப்புல எஸ்எஸ்டி அப்டேட் இருந்தா அங்க கிடைக்கும். லெனோவோன்னா வான்டேஜ், டெல்லுன்னா கமாண்ட் அப்டேட் இல்ல சப்போர்ட் அசிஸ்ட், ஹெச்பின்னா சப்போர்ட் அசிஸ்டன்ட், இதுங்களே தேடிக் குடுக்கும். அங்க ஒண்ணும் இல்லன்னா விட்டுடுங்க. 980 ப்ரோவோட ஃபைலை ஏதாவது தில்லாலங்கடி பண்ணி இதுல ஏத்தலாம்னு சொல்ற வீடியோ எல்லாம் இருக்கு, பக்கமே போயிடாதீங்க, அதுல டிரைவ் செங்கல்லா போனா வாரன்டியும் கூடவே போயிடும்.

டூல் விஷயத்துல என் கொள்கை ரொம்ப சுருக்கம், டிரைவை எழுதற மாதிரி தொடற டூல் யார் அந்த டிரைவுக்கு பொறுப்போ அவங்களோடதா இருக்கணும், வெறுமனே பார்க்கறதுக்கு ஒண்ணு போதும், மத்தது எதுவும் வேணாம். சாம்சங்னா மெஜிஷியன், குருஷியல்னா ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ், கிங்ஸ்டன்னா எஸ்எஸ்டி மேனேஜர், சீகேட்னா சீடூல்ஸ், டபிள்யூடி, சான்டிஸ்க்குக்கு அவங்க டாஷ்போர்டு. பழைய இன்டெல் எஸ்எஸ்டி வெச்சிருக்கவங்க சாலிடைம் பக்கத்துல தேடணும், இன்டெல் அந்த வியாபாரத்தை எஸ்கே ஹைனிக்ஸுக்கு வித்தப்போ வந்த பேரு அது. எதுவா இருந்தாலும் கம்பெனி சைட்ல போய் நேரா இறக்குங்க, தேடினதும் மேல வர்ற டவுன்லோடு சைட் வேணாம். பார்க்கறதுக்கு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அருமையான சாமான், ஓப்பன் சோர்ஸ், ஜப்பான்ல ஒருத்தர் வருஷக்கணக்கா பராமரிக்கிறார், அதுல அனிமே பொண்ணு படம் போட்ட எடிஷன் எல்லாம் வேற இருக்கு, ஆபீஸ்ல திறந்து மாட்டிக்காதீங்க, சாதா எடிஷனே போதும். லினக்ஸ் பக்கம் இருக்கவங்களுக்கு பார்க்க ஸ்மார்ட்மான்டூல்ஸ், என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கு என்விஎம்இ சிஎல்ஐ, அப்டேட்டுக்கு முதல்ல எல்விஎஃப்எஸ்ங்கற லினக்ஸ் ஃபர்ம்வேர் கிடங்குல அந்த கம்பெனி ஃபைல் போட்டிருக்காங்களான்னு பாருங்க, போட்டிருந்தா டெஸ்க்டாப்ல இருக்கிற சாஃப்ட்வேர் அப்டேட் திரையிலயே வந்துடும்.

அந்த பூஸ்டரை இப்பவே அன்இன்ஸ்டால் பண்ணுங்க. 37 பிரச்சனைன்னு அது காட்டினது எல்லாம் டெம்ப் ஃபைலும் பிரவுசர் குப்பையுமா இருக்கும், எஸ்எஸ்டிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எஸ்எஸ்டிக்கு வெளியில இருந்து பண்ண வேண்டிய ஒரே பராமரிப்பு ட்ரிம், அதாவது எந்த ஃபைல் அழிஞ்சதுன்னு டிரைவுக்கு சொல்றது, அதை விண்டோஸ் தானாவே வாரா வாரம் பண்ணிடுது. ஸ்டார்ட்ல ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்னு அடிச்சு திறந்தா கடைசியா எப்போ ஓடுச்சுன்னு தேதி இருக்கும், தேதி சமீபமா இருந்தா விட்டுடுங்க. டிஃப்ராக் பண்றேன், செக்டாரை ரிப்பேர் பண்றேன், ஒரே கிளிக்ல எல்லா டிரைவர் ஃபர்ம்வேரும் போடறேன்னு வர்ற எதுவும் உள்ள வர வேணாம். அதிலும் அந்த ஒரே கிளிக் ஆசாமிங்கதான் எனக்கு ரொம்ப எரிச்சல், எந்த ஃபைல் எந்த மாடலுக்குன்னு அவங்க சரியா பார்த்தாங்களான்னு உங்களுக்கு தெரியவே வழி இல்ல.

கம்பெனி டூல்லயும் எல்லா பட்டனும் உங்களுக்கு இல்லீங்க. ஓவர் ப்ரொவிஷனிங்னு ஒண்ணு, கொஞ்சம் இடத்தை காலியா ஒதுக்கி வைக்கறது, அதுக்கு பதிலா எப்பவும் பத்து பதினஞ்சு சதவீதம் காலியா வெச்சிருந்தாலே போதும். சில டூல்ல ரேமை கேஷா வெச்சு வேகம் கூட்டற மோட் இருக்கும், சாட்டா, அதாவது கேபிள்ல மாட்டற பழைய வகை டிரைவுக்கு வரும், பெஞ்ச்மார்க்ல கண்ணைப் பறிக்கிற எண் காட்டும், ஆனா எழுத வேண்டியது ரேம்ல நிக்கும்போது கரன்ட் போனா அது போனதுதான், எடிட்டிங் பண்றவங்க அதை ஆன் பண்ணவே கூடாது. செக்யூர் இரேஸ், சானிடைஸ், பிஎஸ்ஐடி ரிவர்ட் இதெல்லாம் மொத்தமா துடைக்கிற பட்டன், டிரைவை விக்கும்போது தவிர அந்த பக்கம் மவுஸே போக வேணாம். எனக்கு வந்த ஒரு கேஸ்ல அப்டேட் பட்டன்னு நினைச்சு இதை அழுத்திட்டு டேட்டா எடுத்துக் குடுங்கன்னு நின்னாங்க, எஸ்எஸ்டியில அது நடந்த பிறகு என்கிட்ட இல்ல, யார்கிட்டயும் எடுக்க ஒண்ணும் இருக்காது.

இப்போ 980 ப்ரோவுக்கு அப்டேட் போடற முறை. முதல்ல பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் டிரைவுக்குப் போடற பூட்டு, ஆன்ல இருக்கான்னு பாருங்க. நான் ஆன் பண்ணவே இல்லன்னு சொல்வீங்க, ஆனா புது விண்டோஸ் 11 மெஷின்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு உள்ள போனா அது தானாவே டிரைவை என்க்ரிப்ட் பண்ணி வெச்சிருக்கும். இருந்தா 48 இலக்க ரிகவரி கீயை உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருந்து எடுத்து பேப்பர்ல எழுதுங்க, அந்த டிரைவுக்குள்ளயே நோட்பேட்ல சேவ் பண்ணி வைக்காதீங்க, அப்புறம் பூட்டுக்குள்ள சாவி. அப்டேட் முடியற வரைக்கும் பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணிட்டா இன்னும் நல்லது. டெஸ்க்டாப் யுபிஎஸ்ல இருக்கட்டும், லேப்டாப்னா சார்ஜர் சொருகி பேட்டரியும் பாதிக்கு மேல இருக்கணும். எடிட்டிங் சாஃப்ட்வேர், ரெண்டர், காப்பி, கிளவுட் சிங்க் எல்லாத்தையும் மூடிட்டு மெஜிஷியனை மட்டும் திறந்து அப்டேட்டை அழுத்துங்க. வேலை நிமிஷக் கணக்குலதான் முடியும், திரை உறைஞ்ச மாதிரி இருந்தாலும் பவர் பட்டன்ல கை வைக்காதீங்க. முடிஞ்சதும் ஷட்டவுன் கேக்கும், குடுங்க, அணைஞ்ச பிறகு பவர் பிளக்கையும் ஒரு நிமிஷம் கழட்டிட்டு மாட்டுங்க, பல டிரைவ்ல பவர் முழுசா போய் வந்தாதான் புது வெர்ஷன் உயிர் எடுக்கும். ஆன் பண்ணி கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல 5பி2ன்னு வந்திருக்கான்னு பாருங்க, வந்திருந்தா பிட்லாக்கரை திரும்ப ஆன் பண்ணிட்டு வேலையைப் பாருங்க. பழைய வெர்ஷனுக்கு திரும்பிப் போற வசதி வீட்டு டிரைவ்கள்ல அனேகமா கிடையாது, அதையும் தெரிஞ்சுட்டு அழுத்துங்க.

உங்களுக்கு மெஜிஷியன் 980 ப்ரோவை காட்டுது, அதனால பிரச்சனை இல்ல, ஆனா இதைப் படிக்கிற வேற சிலருக்கு காட்டாம இருக்கும். பயாஸ்ல இன்டெல் விஎம்டியோ ரெய்டு மோடோ ஆன்ல இருந்தா டிரைவ் அதுக்குப் பின்னாடி மறைஞ்சுக்கும். உடனே போய் அந்த மோடை மாத்தாதீங்க, விண்டோஸ் பூட் ஆகாம நிக்கும். அதுக்கு பதிலா கம்பெனி சைட்லயே பூட் ஐஎஸ்ஓ, அதாவது விண்டோஸ் இல்லாமலே மெஷினை கிளப்பற ஃபைல், இருந்தா பென்டிரைவ்ல போட்டு அதுல இருந்து பண்ணலாம், சில மெஷின்ல செக்யூர் பூட்டை கொஞ்ச நேரம் ஆஃப் பண்ண வேண்டி வரும், அப்போ பிட்லாக்கர் கீ கேக்கலாம், அதான் மேல எழுதி வெக்கச் சொன்னேன். யுஎஸ்பி டப்பாவுக்குள்ள போட்ட எம்.2 டிரைவுக்கு டப்பா வழியா அப்டேட் பண்ண பார்க்காதீங்க, நடுவுல இருக்கிற பிரிட்ஜ் சிப் அந்த கமாண்டை உள்ள விடறது அபூர்வம், கழட்டி மதர்போர்டுல மாட்டித்தான் பண்ணணும். ரெண்டு டிஸ்கை மிரரா ஓட்டறவங்க ஒண்ணுக்கு போட்டுட்டு சில நாள் ஓடவிட்டு அப்புறம் அடுத்ததுக்கு போடுங்க.

ஒருவேளை அப்டேட்டுக்கு அப்புறம் டிரைவே தெரியலன்னா, முதல்ல அணைச்சு பிளக்கை கழட்டி அஞ்சு பத்து நிமிஷம் விட்டு மறுபடி போட்டுப் பாருங்க, நிறைய தடவை இதுலயே வந்துடும். விண்டோஸ் வேற டிஸ்க்ல இருந்து பூட் ஆகி, இனிஷியலைஸ் பண்ணவா, ஃபார்மேட் பண்ணவான்னு கேட்டா கேன்சல் அடிங்க, சரின்னு சொன்னீங்கன்னா அதுக்கு மேல எழுத ஆரம்பிச்சுடும். ரிகவரி சாஃப்ட்வேர் எதையும் அதே டிரைவ்ல இன்ஸ்டால் பண்ணக் கூடாது. அப்பவும் வரலன்னா ஆன் ஆஃப் பண்ணிட்டே இருக்காம கழட்டி வெச்சுடுங்க, பேக்கப் இருந்தா வாரன்டிக்கு அனுப்பலாம், இல்லாதவங்கதான் ரிகவரி ஆளைத் தேடணும்.

மிச்சம் இருக்கறது 4 டிபி ஹார்ட் டிஸ்க். இதுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் தேடவே வேணாம், அந்த மாடல் பேர் சொல்லி கம்பெனி எச்சரிக்கை விட்டிருந்தா மட்டும்தான் ஹார்ட் டிஸ்குக்கு அந்த வேலை. ஸ்க்ரீன்ஷாட்ல 05, சி5, சி6 மூணும், அதாவது கெட்டுப்போன, சந்தேகத்துல இருக்கிற இடங்களோட எண்ணிக்கை, பூஜ்யம், நல்லது, இதுல ஏதாவது ஒண்ணு ஏற ஆரம்பிச்சா, குறிப்பா சி5, அன்னிக்கே டேட்டாவை வெளிய எடுங்க. ரீட் எரர் ரேட், சீக் எரர் ரேட் ரெண்டும் பிரம்மாண்டமா காட்டுது, சீகேட் டிஸ்குகள்ல அது அப்படித்தான் இருக்கும், அதுல எண்ணிக்கையை வேற மாதிரி கட்டி வெச்சிருக்காங்க. ஆனா கேபிள் வழியா டேட்டா போகும்போது வர்ற தப்பை எண்ற சி7 ஏறியிருக்கு, அது டிஸ்க் கோளாறு இல்ல, அனேகமா சாட்டா கேபிள். கேபிளை மாத்துங்க, பழைய எண்ணிக்கை இறங்காது, அதுக்கு மேல ஏறாம இருக்கான்னு பாருங்க. அப்புறம் சீடூல்ஸ்ல லாங் டெஸ்ட் ஒண்ணு ராத்திரி ஓட விடுங்க, 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரமாவது பிடிக்கும். பாஸ் ஆச்சுன்னா டியில இருக்கற பேக்கப்பை இதுக்கு மாத்தலாம், ஆனா வயசான டிஸ்க், இது ஒண்ணையே நம்பாம ஒரு எக்ஸ்டர்னல்லயும் இன்னொரு காப்பி வெச்சு, வேலை இல்லாதப்போ அதை கழட்டி வைங்க.

கேபிள் மாத்தறது, லாங் டெஸ்ட், காப்பி, அப்புறம் 980 ப்ரோ அப்டேட், இந்த வரிசையில போங்க. லேப்டாப்புக்கு கம்பெனி பக்கத்துல எஸ்எஸ்டி ஃபர்ம்வேர் ஏதாவது கிடைச்சா போடறதுக்கு முன்னாடி அதோட ரிலீஸ் நோட்டையும் இப்போ அந்த டிரைவ்ல இருக்கிற வெர்ஷனையும் எனக்கு அனுப்புங்க, பார்த்துட்டு சொல்றேன்.